அபயம் கலந்த தண்ணீர்

முயல் ஓடவில்லை.

நரி நாலடி தூரத்தில் நின்று கொட்டாவி விட்டது. முயல் தன் பாட்டுக்குப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சுற்றுலா வேனில் இருந்த இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார்கள். நரி நிதானமாக நடந்து வந்து முயலின் கழுத்தைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போனது. முயல் கடைசி வரை தலையைக்கூடத் திருப்பவில்லை. சிலர் கை தட்டினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும், "அது ஏம்மா ஓடலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வேனில் அதற்குப் பதில் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. என் பெயர் எமில்டா. செம்மணல் தேசியப் பூங்காவின் மிருக வைத்தியர். பதில் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. முன்னிருக்கையில் மேனேஜர் ரகுநந்தன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரிடம் பயம். எனக்கு எல்லாவற்றிடமும் பயம்தான். பல்லி, இடி, லிஃப்ட், மேலதிகாரி, வீட்டுக்காரம்மா. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மாட்டின் கொம்பைப் பார்த்தால் நாலடி தள்ளி நிற்பவள் என்று கல்லூரியில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது.

தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மணல் மறக்காது. அது அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டு வருஷம் மழை பொய்த்ததில் மணல் கிளம்பிவிட்டது. மேற்கே விளைநிலங்களைத் தின்றது. கிழக்கே உப்பளங்கள் வரை போய்க் கடலைத் தொட்டது. கிணறுகளில் உப்பு ஏறி, ஏழு ஊர்கள் காலியாயின. வேறு வழியில்லாத அரசாங்கம் அத்தனையையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்து, ஆட்களை அழைத்து வந்து காட்டும் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. வந்தவர்கள் மணலைத்தான் பார்த்தார்கள். பாலைவனத்து ஜீவன்களுக்கு ஒளிவதே தொழில். மண்ணுளிப் பாம்பு மணலுக்கடியில், எறும்புத்தின்னி வளைக்குள், காட்டுப் பூனை முள்ளுக்குள். "ஒரு ஓணான்கூட நிக்கலியே சார்" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் கம்பெனி அபயம் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. முதல் நாள் அலுவலக ஊழியர்களை உட்காரவைத்து ரகுநந்தன் விளக்கினார்.

"மூளைக்குள்ள ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு இடம் இருக்கு. பயம் அங்கேதான் உற்பத்தி ஆகுது. இந்த மருந்து அதை மட்டும் தூங்க வைக்கும். பசி, தாகம், குட்டி மேல பாசம் எதுவும் குறையாது. மிருகங்க குடிக்கிற தொட்டிக்குப் போற லாரித் தண்ணியில கலந்தா போதும்."

"நரிக்கும் பயம் போயிடும், முயலுக்கும் போயிடும். அப்புறம் என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் நடுங்கியது.

"நரி தின்னும். முயல் ஓடாது. முயல் குறைஞ்சா பண்ணையிலிருந்து கொண்டுவந்து விடுவோம்" என்றார். "உங்களுக்கு என்ன டாக்டர் பயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆனி கடைசியில் பேச்சித்தாய் என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தண்ணீர் லாரி ஓட்டும் சுயம்புலிங்கத்தின் மனைவி. பூங்கா கேட்டுக்கு வெளியே குழாய்த் தண்ணீர் வரும் குடியிருப்பில் அவர்கள் வீடு. இடுப்பில் நாலு வயது மகள்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரவியளுக்கு ஒரு மருந்து குடுக்கணும்."

"நான் மிருகத்துக்குப் பாக்குற டாக்டர்மா."

"தெரியும்மா. மிருகத்துக்கு வந்ததுதான் அவியளுக்கும் வந்திருக்கு."

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"முன்னால எல்லாம் கரண்டு பில்லு வந்தாக்கூடப் பயப்படுவாவ. இப்ப சுருட்டை விரியனக் கையால தூக்கி ஓரமா விடுதாவ. அதுகூடப் போகட்டும்மா. போன வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்கி. வலிப்பு வந்து கண்ணு மேல சொருகிட்டு. நான் கெடந்து கத்துதேன். அவிய பிள்ளைய மடியில வச்சுத் தலையத் தடவிக்கிட்டு, 'சரியாயிரும் பேச்சி, நீ சோத்தப் போடு'ங்காவ. பிள்ளை மேல உசுரும்மா அவியளுக்கு. இப்பவும் உசுருதான். ஆனா தூக்கிட்டு ஓடணும்னு தோணலயே. நான்தான் பக்கத்து வீட்டு ஆட்டோவுல கொண்டு போனேன்."

"வேலையை விட்டுட்டு வரச் சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? 'எதுக்கு?'ன்னு கேக்காவ. பயம் இருந்தாத்தானம்மா எதுக்குன்னு புரியும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவியளுக்குப் பயத்தத் திருப்பிக் குடுங்கம்மா. இல்லேன்னா ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே செத்துப் போவாவ."

என்னிடம் அதற்கு மருந்து இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருந்தது. அபயம் உடம்புக்குள் போவது நின்றால் மூன்று மாதத்தில் தானாக வெளியேறிவிடும். போவது எப்படி என்றுதான் தெரிய வேண்டும். தொட்டித் தண்ணீர் மனிதர்களுக்கு அல்ல என்று எங்கு பார்த்தாலும் போர்டு தொங்குகிறது. டிரைவர்களுக்குத் தனியாக வாட்டர் கேன் உண்டு. மறுநாள் காலை நானே சுயம்புவின் லாரியில் ஏறிக்கொண்டேன்.

"ஏறுங்க டாக்டரம்மா. பதினாலு தொட்டி. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். நல்ல மனிதர். முன்பெல்லாம் ரிவர்ஸ் எடுக்க நாலு தடவை இறங்கிப் பார்ப்பவர் என்று பெயர். இப்போது மணல் மேட்டின் விளிம்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் காடு ஒரே மாதிரி இருக்காது. முதல் மூன்று தொட்டிகள் உடைங்காட்டில். குடை பிடித்த மாதிரி முள்மரங்கள், நடுவே மயில்கள். மயில்கள் லாரிக்கு வழிவிடவில்லை. அப்புறம் மணல் மேடுகள் தொடங்கின. காற்று வரி வரியாகக் கோடு போட்ட செக்கச் சிவந்த மேடுகள், இரண்டு பனைமர உயரம். மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் பனைகள் கழுத்தளவு மணலில் புதைந்து, ஓலை மட்டும் வெளியே தெரிந்தது. விசிறித் தொண்டை ஓணான்கள் தொண்டையை நீலமாக விரித்தபடி பாதையிலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றும் நகரவில்லை. டயருக்கடியில் சின்னச் சின்னதாகச் சத்தம் கேட்டது. நான் பிரேக் போடச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றார்.

ஒன்பதாவது தொட்டி ஒரு சுனை ஓரம். நாவல் மரங்கள், பாசி பிடித்த ஈரம், பாலைவனத்துக்கு நடுவே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தோட்டம் போல இருந்தது. அதைத் தாண்டினால் வறண்ட தருவை. மழைக்காலத்தில் ஏரியாக இருந்த இடம், பாளம் பாளமாக வெடித்துக் கடல் வரை கிடந்தது. அங்கே ஆள்காட்டிக் குருவி ஒன்று வெறும் தரையில் முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. மனிதத் தலை தெரிந்தாலே காடு முழுக்கக் கேட்கும்படி கத்திக் கூப்பாடு போடும் குருவி. பயத்தில் அதுவரை லாரியை விட்டு இறங்காத நான் அங்கேதான் இறங்கி அதன் பக்கத்தில் போய்க் குனிந்தேன். என்னைப் பார்த்தது. சத்தமே இல்லை. அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து அந்தக் காட்டில் ஒரு பறவைகூட எச்சரித்துக் கத்தவில்லை. அந்த அமைதியில் எனக்கு அழுகை வந்தது.

திரும்பிப் பார்த்தபோது சுயம்பு லாரியின் வால்வைத் திறந்து, முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார்.

"அண்ணே! என்ன பண்ணுறீங்க?"

"உப்பு இருக்கான்னு பாக்கேன்மா. இந்தப் பக்கம் போர்த் தண்ணி எப்ப கரிக்கும்னு சொல்ல முடியாது. உப்புத் தண்ணிய வாயில்லாத ஜீவனுக்கு ஊத்தலாமா? அதுக வந்து நம்மகிட்டச் சொல்லவா போகுது? ஊத்துதவன்தான் முதல்ல வாய் வச்சுப் பாக்கணும். எங்க அப்பா, அவரு அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"எல்லாத் தொட்டியிலயுமா?"

"பின்ன? ஒவ்வொரு தொட்டிக்கும் பாக்கணும்லா. எல்லா லாரிக்காரவியளும் அப்படித்தான்."

ஒரு நாளைக்குப் பதினான்கு வாய். எட்டு மாதம். கம்பெனி விதிப்புத்தகம் நூற்றிருபது பக்கம். அதில் கையுறை உண்டு, முகமூடி உண்டு. மிருகத்துக்கு வைக்கும் தண்ணீரை மனிதன் முதலில் தான் குடித்துப் பார்ப்பான் என்பது மட்டும் அதை எழுதிய யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. பூங்காவின் ஆறு லாரி டிரைவர்களும் செய்த ஒரே தப்பு, நல்லவர்களாக இருந்தது.

அதில் மருந்து கலந்திருப்பதை, அது அவர் மூளையை என்ன செய்கிறது என்பதை, பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்படியாம்மா, சரி" என்றார். அடுத்த தொட்டியில் வால்வைத் திறந்ததும் மறுபடி கையை நீட்டினார்.

"இப்பத்தானே சொன்னேன்! செத்துப் போவீங்கண்ணே!"

"இருக்கலாம்" என்றார் சுயம்பு அன்பாக, வாயைத் துடைத்துக்கொண்டே. "உப்பு இல்லம்மா. நல்ல தண்ணி."

ஆறு பேரின் ரத்தத்தையும் எடுத்தேன். ஆறிலும் அபயம். அறிக்கை எழுதி ரகுநந்தனிடம் கொண்டுபோனேன். அவர் முதல் பக்கம் படித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். நெற்றியில் வேர்வை.

"பதினைஞ்சு நாள்ல அனுமதிக் குழு வருது. நிரந்தர அனுமதி அவங்க கையில. அதுவரைக்கும் இது உங்க மேஜையிலேயே இருக்கட்டும். வெளியே போச்சுன்னா உங்க வேலை மட்டுமில்ல, இந்தத் துறையில எங்கேயும் உங்களுக்கு வேலை கிடைக்காது."

நான் பயந்தேன். அறிக்கையை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். பேச்சித்தாயிடம், "குழு வருது, அவங்ககிட்டப் பேசி நிறுத்திடலாம், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவள் என்னை நம்பினாள்.

அதே வாரம் ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. மணல் ஊர்ச் சாலையை மூடியதால் நான் பூங்காவுக்குள்ளேயே தங்கினேன். காண்டீனில் சாப்பாடு, வேளாவேளைக்கு டீ.

அறிக்கையைப் பூட்டிய ஆறாம் நாள் மாசிலாமணி போய்ச் சேர்ந்தார். அவரும் லாரி டிரைவர், சுயம்புவுக்குச் சித்தப்பா முறை. ஓடை வெட்டிய மணல் சுவரின் நிழலில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே சுவர் விரிசல் விட்டுச் சரியத் தொடங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்த வாட்சர்கள் கூச்சல் போட்டார்கள். மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தாராம். சோற்றில் மண் விழாமல் இருக்கத் தூக்குச்சட்டியை மூடினாராம். எழுந்திருக்கவில்லை.

தோண்டி எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று. சுயம்புவும் தோண்டினார். "பாவம், நல்லா பாடுவாரு" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அதே சுவருக்கடியில்தான் நின்று வேர்வை துடைத்தார். மேலே விரிசல் இன்னும் இருந்தது. பேச்சித்தாய் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு. அறிக்கை ஆறு நாள் என் பூட்டுக்குள் கிடந்தது. அன்று பூராவும் அழுதேன். மறுநாள் காலையில் எழுந்தபோது மனம் தெளிந்திருந்தது. குழு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும். இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது இந்தத் தைரியம் என்று எனக்கே ஆச்சரியம். கோபம் வந்தால் கோழைக்கும் முதுகெலும்பு முளைக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

குழுவில் ஐந்து பேர். தலைவர் தலை நரைத்த ஒரு அம்மையார். கறாரானவர், கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆளைத் திணறடிப்பவர் என்று சொன்னார்கள். நாலு நாள் விருந்தினர் விடுதியில் தங்கி, மேடு, சுனை, தருவை, உப்பளம் எல்லாம் சுற்றிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை கூட்டம். நான் எழுந்து நாற்பது நிமிஷம் பேசினேன். ஓடாத முயல், கத்தாத ஆள்காட்டி, ஆறு பேரின் ரத்தம், சுயம்புவின் குழந்தைக்கு வந்த வலிப்பு, மாசிலாமணியின் தூக்குச்சட்டி. என் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ரகுநந்தன் குறுக்கே பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக்கூட நாடகத்தைப் பார்ப்பவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசி முடித்தேன். யாரும் திடுக்கிடவில்லை.

"நல்ல அறிக்கை. தெளிவா இருக்கு" என்றார் தலைவர். "ஆறு பேர் ரத்தத்துல மருந்து, ஒரு மரணம். குறிச்சுக்கிட்டோம். அடுத்தது என்ன?"

"விரிவாக்கம் மேடம்" என்றார் ரகுநந்தன். "எல்லையில இருக்கிற நாலு கிராமத்துல ஜனங்க நரியைப் பார்த்துப் பயப்படுறதா மனு வந்திருக்கு. கிராமத்துக் குடிதண்ணித் தொட்டியிலயும் கலந்துட்டா அந்தப் பிரச்சினை தீர்ந்திடும்."

உறுப்பினர் ஒருவர் யோசனையாக, "குழந்தைங்களும் அதைத்தானே குடிக்கும்?" என்றார்.

"குடிக்கும்" என்றார் தலைவர்.

"ஆமா, குடிக்கும்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஜன்னல் வழியே மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிரே இருந்த டீயை எடுத்துக் குடித்தார்.

நான் நேராகச் சமையல் கட்டுக்குப் போனேன். சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டீக்கு எந்தத் தண்ணி?"

"சுத்திகரிப்பு மெஷின் ஆடிக் காத்து பிடிச்ச அன்னிக்கே கெட்டுப் போச்சு டாக்டரம்மா. லாரித் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் போடுதேன்."

"மனுஷங்க குடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே."

"இருக்கு" என்றார் அவர், புன்னகையோடு.

பாலைவன வெயிலில் கெடக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட மருந்து. கொதித்தாலும் கெடாது. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கணக்கு கடகடவென்று ஓடியது. தினமும் ஐந்து டீ, மூன்று வேளைச் சாப்பாடு. கூட்டத்தில் நாற்பது நிமிஷம் பேசியது நான் இல்லை. வந்த தைரியமும் என்னுடையது இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் கறாரான குழு இல்லை. இது எவ்வளவு பயங்கரம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வாய்ப்பாடு தெரிவது போலத் தெரிந்தது. நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

பேச்சித்தாய் என் அறை வாசலில் காத்திருந்தாள். பாதி வழிக்கு மேல் சாலையில்லாததால் மகளைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவப்புப் புழுதி. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள்.

"என்னம்மா சொன்னாவ? நிறுத்திட்டாவளா?"

"இல்ல. நிரந்தரமாக் கலக்கச் சொல்லிட்டாங்க. உங்க ஊர்த் தொட்டியிலயும் கலக்கப் போறாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு நடுங்கியது. எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாள் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டேன். ஃப்ளாஸ்கில் காண்டீன் டீ இருந்தது. அவளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன்.

"இனி எங்க வீட்டுக்காரவிய?" என்றாள். "எம்பிள்ள? என்னம்மா செய்யப் போறோம்?"

"முதல்ல உக்காருங்க. இவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்திருக்கீங்க."

குழந்தையின் உதடு காய்ந்திருந்தது. தாகம் என்று கையை நீட்டினாள். அவளுக்குக் கொஞ்சம் ஆற்றி, பாதி டம்ளர் கொடுத்தேன். அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

"எந்தத் தண்ணிம்மா இது?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"லாரித் தண்ணிதான்" என்றேன்.

அவள் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டம்ளரைத் தட்டிவிட்டு, குழந்தையின் வாயில் விரலை விட்டு இருந்ததைத் துப்ப வைத்து, வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். செருப்பு என் அறை வாசலிலேயே கிடந்தது. மத்தியான வெயிலில் அந்தச் செம்மணல் அடுப்புத் தணலாகக் கொதிக்கும். அவள் வெறுங்காலோடு மேட்டின் மேல் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி ஓடுகிறாள், செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகலாமே என்று நினைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்ததை எனக்கு ஊற்றிக்கொண்டேன்.